பல் கேள்வி-பதில்: தாடை வீக்கமும் மெடிக்கல் கடை மாத்திரையும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மீன்பிடித் தடைக்காலத்தில் எழுதியவை. ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும்போதுதான் நம் பக்கத்து ஆட்களுக்குப் பல் ஞாபகம் வருகிறது. வரட்டும், சந்தோஷம். ஆனால் எழுதும்போது வயது, மேல் பல்லா கீழ்ப் பல்லா, எந்தப் பக்கம், எத்தனை நாளாக, சுகர் உண்டா இல்லையா, இவ்வளவையும் எழுதுங்கள். "பல் வலிக்குது டாக்டர், என்ன செய்ய?" என்று ஒற்றை வரியில் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். நான்கையும் எடுத்து வைத்திருக்கிறேன். விவரத்தோடு திரும்ப எழுதினால் அடுத்த முறை பதில் உண்டு.

பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அந்த இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவிட்டேன். சரிதானே? (மண்டபம்)

சரியில்லை அம்மா, நேர் எதிராகச் செய்கிறீர்கள். ரத்தம் வருவது பிரஷ் பட்டதால் இல்லை, அங்கே அழுக்குப் படலம் தங்கியதால். விட்டுவைத்தால் அது எச்சிலில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து காரையாக இறுகிவிடும். பிறகு எந்த பிரஷுக்கும் அசையாது. ஈறு வீக்கம் மட்டும் இருக்கும் கட்டத்தில் வந்தால் காரையை எடுத்து, ஒழுங்காக விளக்கினால் இரண்டு வாரத்தில் ஈறு பழையபடி ஆகும். எலும்பு கரைய ஆரம்பித்த பிறகு வந்தால் கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் முடியும். மென்மையான பிரஷ் வாங்கி, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து விளக்குங்கள். ரத்தம் வந்தாலும் நிறுத்தாதீர்கள்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிப் போகுமாமே? (உச்சிப்புளி)

போகாது. ஸ்கேலிங் என்பது காரையை எடுப்பதுதான். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆட்டம் கண்ட பல்லைக் காரைதான் சிமெண்டு மாதிரி பிடித்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் உள்ளபடி உள்ள ஆட்டம் தெரிகிறது. காரையை விட்டுவைத்தால் இன்னும் கரையும்.

வெள்ளைச் சீனியே தொடுவதில்லை. கருப்பட்டிக் காப்பி மட்டும்தான். எனக்கு ஏன் சொத்தை? (சாயல்குடி)

நம் ஊர்ப் பனையை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பல்லில் உள்ள கிருமிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், பனங்கற்கண்டும் சர்க்கரைதான். அதைத் தின்று அமிலம் விடும். வாயின் பி.எச்., அதாவது அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு, 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் கணக்கு. நீங்கள் ஒரு நாளைக்கு ஏழு காப்பி என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு தடவை அரை மணி நேரம். எனாமலில் உயிரணு கிடையாது, குழி விழுந்தால் மறுபடி வளராது. இரண்டு காப்பிக்கு வாருங்கள், அதையும் சாப்பாட்டை ஒட்டிக் குடியுங்கள்.

மகனுக்கு ஏழு வயது. கடைசிப் பல்லில் கறுப்புக் குழி. பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிட்டோம். (தங்கச்சிமடம்)

விழாது. ஆறு வயதில் பால் பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முளைப்பதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். அது பையனுக்கு ஆயுள் முழுக்க இருக்க வேண்டியது. இந்த ஒரு விஷயத்தைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வாரத்துக்கு இரண்டு பிள்ளையாவது இதே குழியோடு வருகிறது. இந்த வாரமே அடைத்துவிடுங்கள். பால் பல்லாகவே இருந்தாலும் பின்வரிசை பத்து, பன்னிரண்டு வயது வரை இடம் பிடித்து வைக்க வேண்டும். முன்பே பிடுங்கினால் அடுத்து வரும் பல் கோணிக்கொண்டு வரும்.

கீழ்க் கடைவாய்ப்பல் ரெண்டு மாசமாக விட்டு விட்டு வலித்தது. கடலுக்குப் போகும்போது மெடிக்கலில் ஒரு செட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு போவேன். இப்போது வலி சுத்தமாக நின்றுவிட்டது. பல் சரியாகிவிட்டதா? (பாம்பன்)

இல்லை தம்பி. உங்கள் பல் உள்ளே செத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

எனாமலில் நரம்பு இல்லை, அதனால் சொத்தை அங்கே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினைத் தொட்டதும் குளிர்ந்த தண்ணீருக்குக் கூசும். அதற்கும் உள்ளே பல்கூழ். நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள இடம். அது நாலு பக்கமும் கெட்டியான சுவருக்குள் இருக்கிறது, வீங்கினால் விரிய இடமில்லை. படுத்தால் விண் விண் என்று தெறிப்பது அதனால்தான். சில நாளில் கூழ் செத்துவிடும். வலியும் நிற்கும். அப்போதுதான் எல்லோரும் மாத்திரை கேட்டது என்கிறீர்கள். கேட்கவில்லை. செத்த கூழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, எந்த ஆன்டிபயாடிக்கும் உள்ளே போய்ச் சேராது. கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். ஒரு மாதமோ ஒரு வருஷமோ சத்தமில்லாமல் கிடக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் விசைப்படகில் போன ஒருவரை மறுநாள் காலை கரைக்கு வந்ததும் நேரே என்னிடம் ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். கிளம்பும்போதே கன்னம் லேசாக வீங்கியிருந்ததாம். வந்தபோது வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. வீக்கம் நாக்கை அடியிலிருந்து தூக்கிவிட்டிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். நாடிக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி இறுகியிருந்தது. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் மூச்சுக் குழாய் அடைத்திருக்கும். நான் பல்லைத் தொடவே இல்லை, 108-ஐ வரவழைத்து அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார், நாடிக்குக் கீழே கீறிய தழும்போடு. அவர் சட்டைப் பையில் மாத்திரை செட்டு மடித்த காகிதம் மூன்று இருந்தது. பிரித்துப் பார்த்தேன்: ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், கூடவே ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு வீக்கத்தை மூடி மறைக்கும், கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும், சுகர் உள்ளவருக்குச் சுகரை ஏற்றும். மூன்று செட்டு வாங்கிய காலத்துக்கு முன்பே வந்திருந்தால் ஒரு சின்ன அடைப்போடு முடிந்திருக்கும்.

இதற்காகத்தான் கோபப்படுகிறேன். கடை வைத்திருப்பவரை மட்டும் சொல்லவில்லை. கேட்டு வாங்குவது நாம். படகு தினமும் போவதில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். கரையில் இருக்கும் நாளில் வர முடியாதா? தடைக்காலம் வரட்டும் என்று பல் காத்திருக்காது.

தம்பி, நீங்கள் இந்த வாரமே போய் எக்ஸ்ரே எடுங்கள். வேர் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்றலாம், முடியாவிட்டால் எடுத்துவிடலாம். வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, தாடைக்குக் கீழே வீக்கம், மூச்சுத் திணறல், இதில் ஒன்று வந்தாலும் பல் டாக்டரைத் தேடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீங்கிய கன்னத்தில் வெளியிலிருந்து சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள். வலி மாத்திரையை ஈறில் நசுக்கி வைக்காதீர்கள், சதை வெந்துவிடும். பெட்ரோலைப் பஞ்சில் நனைத்து வைக்கிறார்கள் என்று இன்னொரு கடிதத்தில் இருக்கிறது. வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

கண்டங்கத்திரி விதைப் புகை போட்டால் பல்லிலிருந்து புழு விழுகிறது. நானே பார்த்தேன். (தொண்டி)

பார்த்தது உண்மை, பல்லிலிருந்து விழுந்தது இல்லை. சூட்டில் வெடித்த விதைக்குள் இருந்து வந்த வெள்ளை முளை அது. சொத்தையில் புழு கிடையாது, கண்ணுக்குத் தெரியாத கிருமிதான்.

சங்கு குளிக்கப் போகிறேன். நாலைந்து பாகம் இறங்கினால் மேல் கடைவாய்ப்பல்லில் ஊசி குத்துவது போல் இருக்கிறது. மேலே வந்ததும் இல்லை. (கீழக்கரை)

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், இப்படித்தான் எழுத வேண்டும். ஐந்தரை பாகம், அதாவது பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. பழைய அடைப்புக்குக் கீழேயோ சொத்தைக் குழியிலோ காற்று சிக்கியிருந்தால் அந்த அழுத்தம் பல்கூழைத் தாக்கும். ஒரே பல் குத்தினால் அந்தப் பல்லில் கோளாறு, அடைப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மேல் பல் சேர்ந்து வலித்தால், கூடவே சளி இருந்தால், அது கன்னத்துச் சைனஸ், கன்ன எலும்புக்குள் உள்ள காற்றறை. மேல் பல்லின் வேர் அதற்கு ஒட்டினாற்போல் நிற்கும். சளி பிடித்த நாளில் இறங்காதீர்கள். மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினால் டாக்டர் சொல்லும்வரை முங்கவே கூடாது. பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் இதேதான்.

ரமலானில் பிரஷ் செய்யாமல் மிஸ்வாக் மட்டும் போதுமா? (பெரியபட்டினம்)

மார்க்கச் சட்டத்தை ஆலிமிடம் கேளுங்கள், பல்லை மட்டும் நான் சொல்கிறேன். மிஸ்வாக் குச்சி எடுக்கும் உகாய் மரம் நல்ல மரம், முறையாகத் தேய்த்தால் வெளிப்பக்கம் நன்றாகச் சுத்தமாகும். கீழ் முன்பல்லின் உள்பக்கமும் பல் இடுக்கும்தான் விட்டுப்போகும், காரையும் அங்கேதான் முதலில் பிடிக்கும். சஹர் என்னும் விடியற்காலைச் சாப்பாடு முடிந்ததும் நேரம் இருக்கும்போதே ஃபுளோரைடு பேஸ்ட் போட்டு ஒரு முறை, இரவு படுக்கப் போகும் முன் ஒரு முறை. பகலில் மிஸ்வாக். குச்சியின் நுனியைத் தினமும் வெட்டிப் புதிதாக மெல்லுங்கள்.

மகளுக்கு முன்பல்லில் வெள்ளைத் திட்டும் காவியும். உப்புத் தண்ணீர்தான் காரணமா? (தேவிபட்டினம்)

மகளின் வயதை எழுதவில்லை. உப்புச் சுவைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஃபுளோரைடு காரணமாக இருக்கலாம், அதற்குச் சுவை தெரியாது. இனிப்பான கிணற்றுத் தண்ணீரிலும் இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை பரவாயில்லை, 1.5-ஐத் தாண்டக் கூடாது. பல் உருவாகும் வயதில், சுமார் எட்டு வயதுக்குள் குடித்தால்தான் கறை விழும். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கூடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்காவது காவிரிக் குழாய்த் தண்ணீரைக் கொடுங்கள். விழுந்த கறைக்குச் சிகிச்சை உண்டு. செங்கல் தூளோ கரித்தூளோ போட்டுத் தேய்க்காதீர்கள், எனாமல்தான் தேயும்.

சுகர் பத்து வருஷமாக. நாலு பல் ஆடுகிறது. சுகர் குறைந்தால் பல் நிற்குமா? (ராமேஸ்வரம்)

இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுகர் ஏறினால் ஈறு நோய் வேகமாகும், ஈறில் சீழ் இருந்தால் சுகர் இறங்காது. ஈறைச் சுத்தம் செய்தபின் சுகர் கொஞ்சம் இறங்குவதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். மூன்று மாதச் சராசரி ரிசல்ட்டோடு வாருங்கள். பீடி, சிகரெட் பிடிக்கிறீர்களா என்று எழுதவில்லை. பிடித்தால் ஈறில் ரத்தக் கசிவு தெரியாமல் அமுங்கிவிடும், நோய் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ரூட் கேனால் முடித்து எட்டு மாதம். வலி இல்லை. கேப் போட வேண்டுமா? (ராமநாதபுரம்)

எட்டு மாதம் முன்பே போட்டிருக்க வேண்டும். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல் கேப் இல்லாமல் மெல்லும்போது பிளந்துவிட்டால், பிறகு கேப்பும் உதவாது.

வாப்பாவுக்கு 72 வயது. பல் செட்டை ராத்திரி கழற்ற வேண்டுமா? (கீழக்கரை)

கழற்ற வேண்டும். ஈறுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுங்கள், இல்லையென்றால் அண்ணத்தில் சிவந்து புண்ணாகும். சோப்புப் போட்டு பிரஷால் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள், செட் வளைந்துவிடும்.