புகை போகட்டும், வாசனை இருக்கட்டும்

கும்பகோணத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பதினெட்டு வருஷம் சாம்பிராணி நிறுத்துக் கொடுத்தவன் நான். கடையை விட்டபிறகு வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் வாசனை மெழுகுவத்தி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பத்தியோ, தூபமோ, மெழுகுவத்தியோ, வீட்டில் மணத்துக்காக ஏற்றுகிற எதைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நினைத்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

திருப்பனந்தாளிலிருந்து: சாம்பிராணி, குங்கிலியம், குந்திரிக்கம் மூன்றும் ஒன்றுதானா? எதைக் கேட்டாலும் எங்கள் கடைக்காரர் ஒரே டப்பாவிலிருந்துதான் எடுக்கிறார்.

உங்கள் ஊர்க்காரர் இதைக் கேட்கலாமா! திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனார், சாய்ந்திருந்த லிங்கத்தை நிமிர்த்தியது உங்கள் ஊர்க் கோயிலில்தானே. வீட்டில் சோற்றுக்கு வழியில்லாமல் மனைவி கழற்றிக் கொடுத்த தாலியை நெல்லுக்கு மாற்றப் போனவர், வழியில் குங்கிலிய மூட்டையைப் பார்த்ததும் அதை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார் என்பது கதை. அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பார் என்று கடையில் உட்கார்ந்து பலமுறை யோசித்திருக்கிறேன். சரி, விஷயத்துக்கு வருவோம்.

மூன்றும் மரப்பிசின், ஆனால் மரம் வேறு வேறு. சாம்பிராணி சுமத்ரா, லாவோஸ் பக்கத்து ஸ்டைராக்ஸ் மரங்களிலிருந்து வருவது. உடைத்துப் பார்த்தால் செம்பழுப்புக்கு நடுவில் பாதாம் பருப்பு மாதிரி வெள்ளைத் துண்டுகள் தெரியும். அதில் வெனிலின் இருப்பதால் புகையில் ஒரு தித்திப்பு இருக்கும். குங்கிலியம் நம் நாட்டுச் சரக்கு: வடக்கே சால மரம், மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளைக் குங்கிலிய மரம். மணம் கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் புது மரப்பலகை. குந்திரிக்கத்தைச் சில கடைகளில் பரங்கிச் சாம்பிராணி என்பார்கள். நம் வறண்ட மலைகளிலும் உண்டு, ஓமன், சோமாலியாவிலிருந்து வருவதும் உண்டு. தேவாலயங்களில் தூபக் கலசத்தில் போடுவது பெரும்பாலும் அதுதான்.

ஒரே டப்பா விவகாரம் என்னவென்றால், பைன் மரத்து ரோசனத்தை உடைத்துச் சாம்பிராணி என்று விற்பது பழைய வழக்கம். மிளகளவு துண்டைத் தணலில் போட்டுப் பாருங்கள். பெயின்ட் கடை வாடையும் கறுப்புப் புகையும் வந்தால் அது ரோசனம். நல்ல சாம்பிராணி வெள்ளையாகப் புகையும், புகை அடங்கி அரை மணி கழித்தும் கூடத்தில் தித்திப்பு நிற்கும்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அக்கா: பத்தி ஏற்றினாலே எனக்குத் தலைவலி. மாமியாரோ ஒரு நாளைக்கு ஆறு பத்தி ஏற்றுகிறார். விலை உயர்ந்த பத்தி வாங்கினால் சரியாகுமா?

விலையை விட்டுவிடுங்கள் அக்கா, பத்தி செய்த விதத்தைப் பாருங்கள். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை செண்டில் முக்கி எடுத்த பத்தி. கரித்தூள், மரத்தூள், ஒட்டுவதற்கு ஜிகட் என்கிற மரப்பட்டைத் தூள், இவற்றைப் பிசைந்து மூங்கில் குச்சியில் ஏற்றிக் காயவைப்பார்கள். இந்த வெறும் பத்திக்கு எந்த மணமும் இருக்காது. பிறகு அதைச் செண்டில் முக்கி எடுப்பார்கள். அந்தச் செண்டை நீர்க்கச் செய்யச் சேர்க்கும் திரவம் உண்டு, பலருக்கு ஒத்துக்கொள்ளாதது அதுவும் எரியும் கரியும்தான். மசாலா பத்தி என்பது வேறு. வாசனைப் பொருள்களை அரைத்து மாவிலேயே கலந்து உருட்டுவது. பொதுவாகப் பழுப்பு நிறம், மேலே தூள் ஒட்டியிருக்கும். டப்பாவைத் திறந்தவுடன் மூக்கைத் தூக்காது, ஏற்றினால்தான் பேசும்.

மாமியாரிடம் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வது நடக்காத காரியம், தெரியும். வேறொன்று செய்து பாருங்கள்: பத்தி நின்ற பிறகு பூஜை அறைக்குப் போங்கள். புகையைத்தான் தலை தாங்கவில்லை, வாசனையை அல்ல. நான் பார்த்தவரை பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இது பலித்தது.

இன்னொன்று. ஒரே மணத்தைப் பத்து நிமிஷம் முகர்ந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். "வாசனையே வரலியே" என்று அடுத்த பத்தியை ஏற்றுவது அதனால்தான். வாசலுக்குப் போய்த் திரும்பி வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி: பிறந்தநாளுக்குக் கண்ணாடி டம்ளரில் ஒரு வாசனை மெழுகுவத்தி வந்தது. நடுவில் மட்டும் கிணறு மாதிரி குழி விழுந்து, சுற்றிலும் மெழுகு அப்படியே நிற்கிறது. மட்டமான சரக்கா?

சரக்கைத் திட்டாதே தம்பி, முதல் நாள் சீக்கிரம் அணைத்திருப்பாய். திரியைச் சுற்றி உருகும் மெழுகுக் குளத்திலிருந்துதான் மணம் எழும்புகிறது. குளம் எவ்வளவு அகலமோ அவ்வளவு மணம். முதல் தடவை குளம் கண்ணாடி ஓரம்வரை போவதற்குள் அணைத்தால், அடுத்த தடவையும் அந்த வட்டத்துக்குள்ளேயே உருகிக் கீழே இறங்கும். இரண்டரை அங்குல வாய் உள்ள டம்ளருக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் வீட்டில் இருக்கிற நாளில்தான் முதல்முறை ஏற்ற வேண்டும். அதற்காக ஒரே மூச்சில் நாலு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், கண்ணாடி கொதித்துவிடும்.

இப்போதுள்ள குழிக்கு வைத்தியம் உண்டு. அலுமினியத் தாளை டம்ளரின் வாய்மேல் குடை மாதிரி கவிழ்த்து, நடுவில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை விட்டு, அரை மணி எரியவிடு. ஓரத்து மெழுகு இளகிச் சமமாகும். பக்கத்திலேயே உட்கார்ந்திரு, எடுக்கும்போது தாள் சுடும்.

நம் ஊரில் பாதிக் குற்றம் ஃபேனுடையது. ஃபேன் காற்றில் சுடர் ஒரு பக்கம் படுத்து, அந்தப் பக்கம் மட்டும் உருகி, டம்ளரில் கரி அப்பிக்கொள்ளும். சாயங்காலம் ஃபேனை நிறுத்திவிட்டு ஏற்று, வியர்த்தால் மெழுகுவத்தியை அணைத்துவிட்டு ஃபேனைப் போடு. ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன் திரியை அரை சென்டிமீட்டருக்கு நறுக்கு. நறுக்காத திரியின் முனையில் காளான் மாதிரி கரி முளைக்கும், புகையும் அங்கிருந்துதான் வரும். அணைக்கும்போது ஊதாதே. ஒரு குச்சியால் திரியை உருகிய மெழுகில் அழுத்தி, மறுபடி நிமிர்த்திவிடு. புகையே வராது.

பட்டுக்கோட்டையிலிருந்து: வீட்டில் சோயா மெழுகில் செய்து விற்கிறேன். சித்திரையில் அனுப்பியதெல்லாம் கோணிக்கொண்டு, மேலே எண்ணெய் கசிந்து போய்ச் சேர்கிறது. என்ன செய்ய?

குளிர் தேசத்துப் பக்குவத்தை நம் கத்திரி வெயிலில் செய்தால் அப்படித்தான். டம்ளருக்கென்று வரும் சோயா மெழுகு 50 டிகிரிக்கு முன்னே பின்னே உருகிவிடும். வெளியே 39 டிகிரி என்றால், பார்சல் வண்டிக்குள் அதைவிடப் பல டிகிரி கூடுதல். தேன்மெழுகு 62 டிகிரியைத் தாண்டித்தான் உருகும், ஆகையால் சித்திரை, வைகாசிச் சரக்குக்கு அதில் கொஞ்சம் கலக்கிறேன். பத்தில் ஒரு பங்கில் தொடங்கி, நீங்களே வெயிலில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மெழுகு கெட்டியானால் திரியையும் ஒரு அளவு பெரிதாக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

எண்ணெய் கசிவது வாசனைத் தைலம் அதிகமானதால். 100 கிராம் மெழுகுக்கு 6 முதல் 10 கிராம், அதற்கு மேல் மெழுகு பிடித்து வைத்துக்கொள்ளாது. மணம் தூக்கலாக வேண்டுமென்றால் தைலத்தைக் கூட்டாதீர்கள், ஊற்றிய பிறகு மூடிபோட்டு இரண்டு வாரம் சும்மா வையுங்கள்.

மெழுகுக்குக் கெட்டித்தன்மை ஏற்றுவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சித்தான் சிலைக்குக் கரு பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். இதைப் பார்த்து நானும் ஒரு தடவை மெழுகுவத்தியில் குங்கிலியத்தைக் கரைத்தேன். திரியின் நுண்துளையெல்லாம் அடைத்துக்கொண்டு, சுடர் கடுகளவாகி இரண்டே நிமிஷத்தில் செத்தது. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

வேளாங்கண்ணியிலிருந்து: வீட்டில் மிச்சமான மெழுகுவத்தித் துண்டுகள் நிறைய இருக்கின்றன. உருக்கி மல்லிகைப்பூ போட்டு வாசனை மெழுகுவத்தி ஆக்கலாமா?

உருக்கலாம், பூ போடக்கூடாது. பூவின் ஈரம் மெழுகில் வெடிக்கும், காய்ந்த பூ திரியாகித் தீப்பிடிக்கும். மணமும் வராது. மல்லிகை மணத்தை நீராவியில் வடித்தெடுத்தாலே கெட்டுவிடும் என்பதால் ஆலைகளில் கரைப்பான் கொண்டு பிரிக்கிறார்கள், கொதிக்கும் மெழுகில் அது எப்படி நிற்கும்? மெழுகுக்கென்று விற்கும் தைலத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

உருக்கும்போது பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்க வேண்டாம், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டால் மூடுங்கள். மிச்ச மெழுகைத் தொட்டியில் கொட்டினால் பிளம்பருக்குத் தனிச் செலவு.

பூ மணம்தான் வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. தஞ்சாவூர்க் கதம்பத்தில் மல்லிகையோடு மரிக்கொழுந்தும் வெட்டிவேரும் சேர்த்துக் கட்டியிருப்பார்களே, அதில் ஒரு முழம் வாங்குங்கள். பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு அதில் போட்டுக் கூடத்தில் வையுங்கள். மல்லிகை ராத்திரியோடு போய்விடும், வெட்டிவேர் மறுநாளும் இருக்கும். தீக்குச்சியே வேண்டாம்.

திருவாரூரிலிருந்து ஒரு பாட்டி: குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டக்கூடாது என்று மருமகள் சொல்கிறாள். நாங்களெல்லாம் வளரவில்லையா?

வளர்ந்தோம் பாட்டி. ஆனால் இதில் நான் மருமகள் பக்கம். நீங்கள் காட்டிய வீட்டில் முற்றம் இருந்தது. கூடத்தில் போட்ட புகை வானத்தைப் பார்த்து ஏறிவிடும், வீடே ஒரு புகைபோக்கி. இப்போது பிள்ளை இருப்பது ஏ.சி. அறையில், ஜன்னல் சாத்தியிருக்கிறது. புகையின் நுண்தூள் பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. மூடிய அறையில் கரித் தணல் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. துண்டால் நன்றாகத் துவட்டினாலே தலை காய்ந்துவிடும். ஆசைக்கு, பிள்ளை வேறு அறையில் இருக்கும்போது கூடத்தில் போட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, புகை முழுக்கப் போன பிறகு தூக்கி வாருங்கள். வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான், அவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.

மயிலாடுதுறையிலிருந்து: கரி மூட்ட நேரமில்லை. கப் சாம்பிராணி நல்லதா?

வசதி. அவ்வளவுதான். கப்பே கரித்தூள், மரத்தூளால் ஆனது, உள்ளே இருக்கும் சாம்பிராணி கொஞ்சம்தான். அதன் அடி எவ்வளவு சுடும் என்பது எனக்குச் சொந்தச் செலவில் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில் எவர்சில்வர் தட்டில் வைத்து, தட்டை ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனேன். தாத்தா காலத்துத் தேக்கு. திரும்பி வந்தால் தட்டுக்கடியில் கறுப்பாக ஒரு வட்டம். இழைத்துப் பார்த்தும் போகவில்லை, இப்போது அதன்மேல் தலையணை கிடக்கிறது. தட்டில் ஒரு விரல் கனத்துக்கு மணலோ சாம்பலோ பரப்பி, அதன்மேல் வையுங்கள்.

வாரம் ஒரு நாளாவது கொட்டாங்குச்சிக் கரியை மூட்டிப் பாருங்கள். தணல்மேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு சாம்பிராணி போடவேண்டும். சிவந்து எரியும்போது போட்டால் பிசின் கருகி, நெடிதான் வரும். கைப்பிடி வைத்த பித்தளைத் தூபக்கால் கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும், ஒன்று வாங்கினால் பேரன்வரை வரும்.

நாகப்பட்டினத்திலிருந்து: ஐப்பசி பிறந்தால் பத்தி பாதியில் அணைந்துவிடுகிறது.

கடல்காற்று, ஈரம். காற்றுப் புகாத டப்பாவில், மாத்திரைப் புட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். வெயிலில் காயவைத்தால் மணம் பறந்துவிடும்.

வேதாரண்யத்திலிருந்து: கரண்ட் போனால் வாசனை மெழுகுவத்தியையே வெளிச்சத்துக்கு வைக்கலாமா?

ஒரு மணி நேரத்துக்கு வைக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் சாத்திய வீட்டுக்குள் ராத்திரி முழுக்க வாசனை மெழுகை எரித்தால் வாந்தி வரும். அதற்குச் சார்ஜ் விளக்கு. கொசுவலைக்குப் பக்கத்தில் எந்தச் சுடரும் வேண்டாம்.

திருவையாற்றிலிருந்து: வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருக்கிறது, பூனையும் இருக்கிறது.

அப்படியென்றால் அந்த அறையில் எதுவும் வேண்டாம். பறவைகளின் நுரையீரல் புகையைத் தாங்காது. பூனை, தைலம் சிந்திய காலை நக்கினால் ஆபத்து.

ஸ்ரீரங்கத்திலிருந்து: இத்தனையும் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன ஏற்றுவீர்கள்?

அது என் மனைவியின் இலாகா. வெள்ளிக்கிழமை பட்டாணி அளவு சாம்பிராணி, மற்ற நாளில் பானைத் தண்ணீரில் வெட்டிவேர். மெழுகுவத்தி ஏற்றுவதே இல்லை. ஒரு தடவை கேட்டதற்கு, "எதுக்கு? உங்க சட்டையத் தோய்க்கிற அன்னிக்குக் கொல்லையெல்லாம் அந்த வாசனைதானே" என்றாள்.