நியூசிலாந்துப் பயணத்துக்கு டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போகலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறோம். வரும் மே மாதம் பள்ளி விடுமுறையில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்கு 9 நாள் போகிறோம். கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி, டெக்காபோ ஏரிக்கரையில் ஓர் இரவு, பிறகு குயின்ஸ்டவுன், மில்ஃபோர்டு சவுண்ட் என்று திட்டம். தேதி இன்னும் முடிவாகவில்லை. என்னிடம் 130 மி.மீ. ரிஃப்ளெக்டர் (கண்ணாடி வைத்த) டெலஸ்கோப் ஒன்று, வானம் சுழலும் போக்கில் அதைத் திருப்பும் ஈக்குவடோரியல் மவுண்ட் என்ற தாங்கியுடன் இருக்கிறது. அந்த வானத்தை இன்னொரு தடவை பார்க்கக் கிடைக்குமா தெரியாது. இதைக் கொண்டுபோவதா, சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்வதா, பைனாகுலரே போதுமா?

பதில்: டெலஸ்கோப் வீட்டிலேயே இருக்கட்டும். நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன டெலஸ்கோப் வாங்க எடுத்து வைத்த பணத்தில் டெக்காபோ பக்கம் கூடுதலாக இரண்டு இரவு தங்குங்கள். இதுதான் என் பதில். உங்களுக்கு எது குறைவாக இருக்கிறது என்று பார்த்தால் அது கருவி இல்லை, இரவுகள்தான்.

முதலில் அங்கே என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று சொல்கிறேன். டெக்காபோ 44 டிகிரி தெற்கில் இருக்கிறது, கோவை 11 டிகிரி வடக்கில். தென்வானத்தில் முக்கியமான பல பொருள்கள் கோவையிலிருந்தும் தெரியக்கூடியவைதான். ஆனால் ரொம்பத் தாழ்வாக, அடிவானத்துப் புழுதிக்கும் ஊர் வெளிச்சத்துக்கும் நடுவில் எட்டிப்பார்க்கும். தெற்குச் சிலுவை அதிகபட்சம் 19 டிகிரி உயரத்துக்கு வரும். பெரிய மெகல்லனிக் மேகம் 9 டிகிரியைத் தாண்டாது, ஒரு மரம் நின்றாலே மறைந்துவிடும். டெக்காபோவில் மே மாதம் இரவு எட்டு மணிக்கு அதே சிலுவை கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கும். பக்கத்திலேயே கரினா நெபுலா என்ற வாயு, தூசுத் திரள் இன்னும் உயரத்தில் இருக்கும். பெரிய மெகல்லனிக் மேகம் தென்மேற்கே வானத்தின் பாதி உயரத்தில், பால்வெளியிலிருந்து பிய்ந்துபோன ஒரு துண்டு மாதிரி வெறும் கண்ணுக்கே தெரியும். அது ஒரு தனி கேலக்ஸி. அதன் ஒளி நம்மை வந்து சேர ஏறக்குறைய 1,60,000 ஆண்டுகள் ஆகின்றன. 1987-இல் வெறும் கண்ணுக்கே தெரிந்த சூப்பர்நோவா, அதாவது ஒரு விண்மீனின் வெடிப்பு, நிகழ்ந்தது இந்த மேகத்தில்தான். நம் ஊரில் குளிர்காலத்தில் தெற்கே தெரியும் அகத்திய நட்சத்திரம் டெக்காபோவில் மறைவதே இல்லை, வருடம் முழுக்க எந்த இரவிலும் வானத்தில் இருக்கும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவைத்தால் முதல் வேலையாக அதைத்தான் தேடுவார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை அகலமானவை. பெரிய மெகல்லனிக் மேகத்தின் அகலம் முழுநிலவைப் போல பல மடங்கு. கரினா நெபுலா, சிலுவைக்குப் பக்கத்தில் பால்வெளியில் ஓட்டை விழுந்ததுபோல் கிடக்கும் இருண்ட கரிமூட்டை நெபுலா, அந்தப் பகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கும் விண்மீன் கொத்துகள் எல்லாமே அப்படித்தான். டெலஸ்கோப்பின் குறுகலான பார்வைக்குள் இவை அடங்காது. பைனாகுலரில் மேகத்தை ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு மெதுவாக நகர்த்திப் பார்த்தால், ஓரிடத்தில் பஞ்சு திரண்டதுபோல் ஒரு பொட்டு மட்டும் தனியாகத் தெரியும். அது டரண்டுலா நெபுலா. இன்னொரு கேலக்ஸிக்குள் இருக்கும் ஒரு நெபுலாவைக் கையில் பிடித்த பைனாகுலரில் பார்க்கிறோம் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

டெலஸ்கோப் கேட்கும் பொருள்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒமேகா சென்டாரி, 47 டுகானே என்ற இரண்டு கோளக் கொத்துகள் (பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டங்கள்) பைனாகுலரில் மங்கலான பஞ்சுருண்டையாகத்தான் தெரியும், பெரிய டெலஸ்கோப்பில்தான் தனித்தனி விண்மீன்களாகச் சிதறும். ஆல்ஃபா சென்டாரி இரட்டை விண்மீன் என்பதைப் பிரித்துக் காட்டவும் டெலஸ்கோப் வேண்டும். ஆனால் அதற்கு உங்கள் டெலஸ்கோப்தான் வேண்டும் என்றில்லை. டெக்காபோவில் காசு கட்டினால் வழிகாட்டியோடு வானம் காட்டும் சுற்றுலாக்கள் தினமும் நடக்கின்றன. உங்களுடையதைவிடப் பெரிய டெலஸ்கோப்புகளில் காட்டுவார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே மவுண்ட் ஜான் குன்று இருக்கிறது. கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் வானாய்வகம் 1965-இலிருந்து அங்கே இயங்குகிறது. அந்த வட்டாரத்தில் தெருவிளக்குகளுக்கும் வீட்டு வெளிவிளக்குகளுக்கும் 1980-களிலேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. 2012-இல் சுமார் 4,300 சதுர கிலோமீட்டரை அவோராகி மெக்கன்சி இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். நீங்கள் மெனக்கெட்டுப் போவது அந்த இருட்டுக்காகத்தான். அதற்கு எந்த லக்கேஜும் வேண்டாம்.

இப்போது உங்கள் மவுண்டுக்கு வருகிறேன். இதைப் பலர் யோசிப்பதில்லை. ஈக்குவடோரியல் மவுண்டை, வானம் சுற்றுவதுபோல் தெரியும் மையமான வான துருவத்தை நோக்கி நிறுத்த வேண்டும். வடக்கே அதற்குத் துருவ நட்சத்திரம் இருக்கிறது. தெற்கே அப்படி எடுப்பான நட்சத்திரம் எதுவும் இல்லை. துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிக்மா ஆக்டன்டிஸ் மிக மங்கல், ஒளியளவு 5.4 (இந்த எண் கூடக்கூட மங்கல்). பழகாத வானத்தில் அதைக் கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் பாதி ராத்திரி போய்விடும். தென்துருவத்தைச் சுற்றி வானம் எதிர்த் திசையில் சுழல்வதால், மோட்டார் இருந்தால் அதையும் தெற்குக்கு மாற்ற வேண்டும். சும்மா பார்ப்பதற்குத் துருவம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் டெலஸ்கோப், மவுண்ட், எதிர்எடை, ட்ரைபாட் எல்லாம் சேர்த்து 12 கிலோவை ஒட்டி வரும். எகானமி டிக்கெட்டில் கையில் கொண்டுபோகப் பெரும்பாலும் 7 கிலோதான் விடுவார்கள். அப்படியென்றால் டெலஸ்கோப் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். போய்ச் சேரும்போது கண்ணாடிகள் நேர்விட்டு விலகியிருக்கும். குளிரில் நின்று அவற்றைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, 'அப்பா, ரெடியா?' என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

சரி, நிலா. இதைவிடப் பெரிய விஷயம் இந்தப் பயணத்தில் இல்லை. பௌர்ணமியை ஒட்டிப் போனால் எவ்வளவு இருண்ட காப்பகமாக இருந்தாலும் பால்வெளி வெளுத்துவிடும். தேதி இன்னும் முடிவாகவில்லை என்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. டிக்கெட் போடும் முன் வீட்டு காலண்டரில் மே மாத அமாவாசையைப் பாருங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் தொடங்கி அமாவாசை கழிந்து நாலைந்து நாள் வரைக்குள் டெக்காபோ இரவுகள் வர வேண்டும். தேய்பிறையின் கடைசி வாரத்தில் நிலா நள்ளிரவுவாக்கில்தான் எழும். வளர்பிறையின் முதல் சில நாள்களில் சீக்கிரமே மறைந்துவிடும்.

மே மாதம் என்பது உங்களுக்கு இன்னொரு வசதி. டெக்காபோவில் அந்த மாத நடுவில் சூரியன் மாலை ஐந்தே காலுக்கு மேல் மறையும், ஏழு மணிக்கெல்லாம் முழு இருட்டு. பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்கு முன்பே எல்லாம் பார்த்து முடித்துவிடலாம். இதே பயணத்தை டிசம்பர் கடைசியில் வைத்திருந்தால் முழு இருட்டுக்கு நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும்.

நிலாவுக்கு அடுத்தது மேகம், அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓர் இரவு மட்டும் வைத்துக்கொண்டு போவது சூதாட்டம். குயின்ஸ்டவுனில் இருந்து இரண்டு இரவைக் குறைத்து இந்தப் பக்கம் சேருங்கள். எல்லாம் டெக்காபோவிலேயே வேண்டும் என்றில்லை, ட்வைசலும் மவுண்ட் குக் கிராமமும் அதே காப்பகத்துக்குள்தான் இருக்கின்றன. சுற்றுலாவை முதல் இரவுக்கே பதிவு செய்யுங்கள். மேகம் வந்து ரத்தானால் அடுத்த இரவுக்கு மாற்றித் தருவார்களா என்று பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் எல்லோரும் படம் எடுக்கும் அந்தக் கல் தேவாலயத்தைச் சுற்றிக் கூட்டமும் கார் வெளிச்சமும் அதிகம். பகலில் போய்ப் பார்த்துவிட்டு, இரவுக்கு வேறு ஒதுக்குப்புறம் தேடுங்கள்.

பைனாகுலரில் 10×50 வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 50 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம் இருக்கும். பிள்ளைகள் கைக்கு 8×42 இலகுவாக இருக்கும், படமும் குறைவாக ஆடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 8×42-ஐயே வாங்கலாம், மில்ஃபோர்டில் கடல்நாய்களைப் பார்க்கவும் உதவும். பெரும்பாலான 10×50 மாடல்களில் இரண்டு குழாய்க்கும் நடுவில் முன்பக்கமாக ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகிக் கழற்றினால் உள்ளே மரை தெரியும். 'எல்' வடிவ அடாப்டர் ஒன்றை அதில் மாட்டினால் சாதாரண கேமரா ட்ரைபாடில் நிற்கும். ஒரு பொருளை நீங்கள் பிடித்து வைத்துவிட்டு நகர்ந்தால் பிள்ளைகள் வரிசையாக வந்து அதையே பார்க்கலாம். தலைக்கு மேலே பார்க்க மட்டும் ட்ரைபாட் வேண்டாம், தரையில் விரிப்பைப் போட்டு மல்லாந்து படுப்பதுதான் வசதி. வாங்கியதும் ஆனைகட்டிப் பக்கமோ வால்பாறைப் பக்கமோ ஓர் இரவு பழகிவிட்டுப் போங்கள், ஃபோகஸ் செய்வது கைக்கு வந்துவிடும்.

சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச் ஒன்று, போனில் வானப்படம் காட்டும் செயலி ஒன்று. ஊரிலேயே செயலியின் இடத்தை டெக்காபோவுக்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். மே இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், நம் ஊர் ஸ்வெட்டர் போதாது. கையுறை, குல்லா, தடிமனான சாக்ஸ் வேண்டும். குளிரில் போன் பேட்டரி விறுவிறுவென்று இறங்கும் என்பதால் பவர் பேங்க் தேவைப்படும். அதை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட் அவர்தான், 100 வரை தனி அனுமதி தேவையில்லை.

விண்மீனைச் சுட்டிக்காட்டும் பச்சை லேசரை மட்டும் கட்டாயம் விட்டுவிட்டுப் போங்கள். 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசரை அனுமதி இல்லாமல் நியூசிலாந்துக்குள் கொண்டுபோக முடியாது. ட்ரைபாட் கால்களிலும் ஷூக்களிலும் ஒட்டிய மண்ணைக் கழுவித் துடைத்துக் காயவைத்துக் கொண்டுபோங்கள், உயிரியல் பாதுகாப்புச் சோதனை அங்கே மிகக் கடுமை. பருப்புப்பொடி, ஊறுகாய் எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

படம் எடுக்க ஆசை இருந்தால் ட்ரைபாடில் வைத்த போனின் இரவு முறையே பால்வெளியை நன்றாகக் காட்டும். தனி கேமரா என்றால் 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்து வரும் விநாடிக்குள் எடுங்கள், 20 மி.மீ. லென்ஸுக்கு 25 விநாடி. அதற்கு மேல் போனால் விண்மீன்கள் கோடாக இழுக்கும். விலை உயர்ந்த கேமராவும் லென்ஸும் எடுத்துப்போகிறீர்கள் என்றால், திரும்பி வரும்போது வரி கேட்காமல் இருக்க, புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கு அடிவானத்தையும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். 2024 மே மாதம் வந்த சூரியப் புயலில் நியூசிலாந்து முழுக்கத் தென்துருவ ஒளி தெரிந்தது. கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிவது கேமராவில் இளஞ்சிவப்பாக விழும்.

டெலஸ்கோப்பைக் கொண்டுபோகச் சொல்லும் சூழ்நிலையும் உண்டு. நாளைக்கு நீங்கள் இருவர் மட்டும், அமாவாசை வாரத்தில், ஒரே பண்ணை வீட்டில் ஐந்தாறு இரவு தங்குவதாகப் போனால் எடுத்துப் போங்கள் என்றே சொல்வேன். அப்போதும் இந்த 130 வேண்டாம். 70 அல்லது 80 மி.மீ. குட்டைக் குழாய் ரிஃப்ராக்டர் (வில்லை வைத்த டெலஸ்கோப்), மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் தள்ளும் எளிய மவுண்ட், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் இரண்டு. குழாயும் ஐபீஸ்களும் கைப்பையில், ட்ரைபாட் பெட்டியில். அப்படி ஒரு பயணம் மனதில் இருந்தால் இப்போதே பைனாகுலரோடு சேர்த்து ஒரு உறுதியான கேமரா ட்ரைபாடாக வாங்குங்கள், இரண்டுக்கும் அதுவே உதவும்.