ஜான் பிரவுன் வீரரா, கொலைகாரரா? – கேள்வி பதில்

அமெரிக்க அடிமை ஒழிப்புப் போராளி ஜான் பிரவுனைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் அளித்திருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): ஐயா, தேர்வுக்காகக் கேட்கிறேன். அவர் நல்லவரா, கெட்டவரா என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது அம்மா. தேர்வுத்தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்காது. 1800இல் கனெக்டிகட்டில் பிறந்து, தோல் பதனிடுதல், கம்பளி வணிகம் எனப் பல தொழில்களில் நொடித்து, இரு மனைவியர் மூலம் இருபது பிள்ளைகளுக்குத் தந்தையான இந்த மனிதரை வரலாறு நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் இரண்டு நிகழ்வுகள். ஒன்று 1856 மே மாதத்தில் கான்சாஸில் நடந்த பொட்டாவாட்டமி படுகொலை; மற்றொன்று அடிமைகளைக் கிளர்ந்தெழச் செய்யும் நோக்கில் 1859 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலையின் மீது நடத்திய தாக்குதல். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள்தாம் அவரை முழு மகானாகவோ முழுப் பாவியாகவோ ஆக்கிவிடுகிறார்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): பொட்டாவாட்டமியில் கொல்லப்பட்ட ஐவரும் அடிமைகளை வைத்துக் கொடுமை செய்தவர்கள்தாமே? அப்படியிருக்க அதை ஏன் குற்றமாகக் கருத வேண்டும்?

பதில்: அவர்களில் ஒருவரிடமும் அடிமைகள் இல்லை. ஐவரும் அடிமை முறையை ஆதரித்த தரப்பினர். அவர்களில் ஆலன் வில்கின்சன் அந்தத் தரப்பின் சட்டமன்ற உறுப்பினர். ஆனால் அன்று இரவு ஒருவர் கையிலும் ஆயுதம் இருக்கவில்லை; வீடுகளிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு வாள்களால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

பின்னணியையும் சொல்லியாக வேண்டும். கான்சாஸில் அடிமை முறை வேண்டுமா, வேண்டாமா என்பதை அங்கே குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யலாம் என்று 1854ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில், சுமார் 2,900 வாக்காளர்களே இருந்த பிரதேசத்தில், அடிமை முறை நிலவிய அண்டை மாநிலமான மிசூரியிலிருந்து ஆயுதங்களுடன் எல்லை தாண்டி வந்தவர்களின் கைவரிசையால் 6,000க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. 1856 மே 21 அன்று அடிமை எதிர்ப்பாளர்களின் ஊரான லாரன்ஸ் சூறையாடப்பட்டது. மறுநாள் வாஷிங்டனில், அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரை, பிரெஸ்டன் புரூக்ஸ் என்ற உறுப்பினர் மன்றத்துக்குள்ளேயே கைத்தடியால் அடித்து மயங்கி விழச் செய்தார். பிரவுனின் ஆட்கள் கதவுகளைத் தட்டியது 24ஆம் தேதி இரவில்.

இவையெல்லாம் அவருடைய சினத்தை விளக்குகின்றனவே தவிர, நியாயப்படுத்தவில்லை என்பதே என் கருத்து. ஜேம்ஸ் டாயில் என்பவரையும் அவருடைய மூத்த பிள்ளைகள் இருவரையும் இழுத்துச் சென்றபோது, பதினாறு வயது மகனையாவது விட்டுவிடும்படி அவர் மனைவி மஹாலா மன்றாடினார். அவனை மட்டும் விட்டார்கள். மூன்றாண்டுகளுக்குப் பிறகு பிரவுன் சிறையில் தூக்குக்காகக் காத்திருந்தபோது, அதே மஹாலா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்களுடைய அடிமைகளை விடுவிக்கத்தான் இதைச் செய்தேன் என்று உம்மால் சொல்ல முடியாது, எங்களிடம் அடிமையே இருந்ததில்லை என்பது அதன் சாரம். பிரவுனை வீரராகப் போற்றும் எவரும் அக்கடிதத்துக்கு நேர்மையான பதில் சொல்லி நான் படித்ததில்லை.

கேள்வி (வழக்கறிஞர்): வழக்கு விசாரணை சட்டப்படி முறையாக நடந்ததா?

பதில்: அவசர அவசரமாக நடந்தது. அக்டோபர் 18 அன்று ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில், ராணுவ அதிகாரி ராபர்ட் லீயின் தலைமையில் வந்த மரைன் படையினரிடம் பிரவுன் காயங்களுடன் பிடிபட்டார். நவம்பர் 2 அன்று தூக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டுவிட்டது. இடையில் காயம் ஆறாமல் கட்டிலில் படுத்தபடியே விசாரணையைக் கேட்டார். ஜூரிகள் 45 நிமிடங்களில் முடிவுக்கு வந்தார்கள். கொலை, அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டியது ஆகிய குற்றச்சாட்டுகளை மறுப்பது கடினம். வர்ஜீனியா மாநிலத்துக்கு எதிரான துரோகம் என்ற குற்றச்சாட்டுத்தான் பலவீனமானது. அம்மாநிலத்தின் குடிமகனல்லாத ஒருவர் அதற்கு எப்படித் துரோகம் செய்ய முடியும் என்று அவர் தரப்பு வாதிட்டது, எடுபடவில்லை. தண்டனைக்கு முன் பிரவுன் பேசியபோது, இதே காரியத்தைச் செல்வர்களுக்காகவும் அதிகாரம் படைத்தவர்களுக்காகவும் செய்திருந்தால் இந்த நீதிமன்றத்திலுள்ள ஒவ்வொருவரும் என்னைத் தண்டிப்பதற்குப் பதிலாகப் பாராட்டியிருப்பார்கள் என்றார். அதை அங்கே யாராலும் மறுக்க முடிந்திருக்காது.

கேள்வி: அவருக்குச் சித்தம் பிறழ்ந்திருந்தது என்கிறார்களே?

பதில்: தூக்கிலிருந்து காப்பாற்றுவதற்காக அவர் தரப்பினர் எழுப்பிய வாதம் அது, அவரே அதை வெறுப்புடன் நிராகரித்தார். ஒரு வெள்ளையர் கறுப்பின மக்களுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தால் அவர் பைத்தியமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலம் பாடநூல்களிலும் நீடித்தது. அவருடைய போர்த்திட்டம் மோசமானது என்பது வேறு விஷயம். ஆயுதசாலையைப் பிடித்த பிறகு மலைகளுக்குள் விலகிச் செல்லாமல் அங்கேயே தங்கினார். நிறுத்திவைத்த ரயிலையும் போகவிட்டார், செய்தி அதோடு ஊரெங்கும் பரவியது.

கேள்வி: கறுப்பின மக்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள்? அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பதில்: முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளராக உயர்ந்த பிரெடெரிக் டக்ளஸை, 1859 ஆகஸ்டில் சேம்பர்ஸ்பர்க் அருகே ஒரு கல்குவாரியில் பிரவுன் ரகசியமாகச் சந்தித்துத் தம்முடன் வருமாறு அழைத்தார். அது எலிப்பொறி, உள்ளே போனால் உயிரோடு வெளியே வர முடியாது என்று எச்சரித்து டக்ளஸ் மறுத்துவிட்டார். டக்ளஸுடன் வந்திருந்த ஷீல்ட்ஸ் கிரீன் பிரவுனுடனேயே போய், டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

பிரவுனுடன் சென்ற இருபத்தொருவரில் ஐவர் கறுப்பினத்தவர். அவர்களுள் டேஞ்சர்ஃபீல்ட் நியூபியின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். அவர் விடுதலை பெற்றவர். அவருடைய மனைவி ஹாரியட்டும் குழந்தைகளும் வர்ஜீனியாவில் இன்னும் அடிமைகளாகவே இருந்தார்கள். எசமானருக்குப் பணத்தட்டுப்பாடு, எந்நேரமும் என்னை விற்றுவிடக்கூடும், எப்படியாவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஹாரியட் எழுதிய கடிதங்கள் நியூபியிடம் இருந்தன. பிரவுனின் ஆட்களில் முதலில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவரே. கூட்டம் அவருடைய உடலையும் சிதைத்தது. அஞ்சியபடியே ஹாரியட் லூசியானாவுக்கு விற்கப்பட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கறுப்பின விடுதலைக்கான அத்தாக்குதலில் முதலில் உயிரிழந்தவர் ஹேவர்ட் ஷெப்பர்ட் என்ற கறுப்பினத்தவர். அடிமையல்லாத அவர் ரயில் நிலையத்தில் பயணப்பெட்டிகளைக் கையாளும் ஊழியர். இருட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பாலத்துக்கு வந்தபோது பிரவுனின் ஆட்கள் சுட்டுவிட்டார்கள்.

கேள்வி: அமைதி வழியிலேயே அடிமை முறையை ஒழித்திருக்கலாமே?

பதில்: வில்லியம் லாயிட் கேரிசன் போன்றோர் 1831 முதல் பத்திரிகை வழியாகவும் மேடைகளிலும் அதைத்தான் முயன்றார்கள். ஆனால் 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 39 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தப்பியோடியவர்களைப் பிடித்துக்கொடுக்க வட மாநிலத்தவரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் 1850இல் வந்தது; கறுப்பினத்தவர் குடிமக்களாகவே இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1857இல் தீர்ப்பளித்தது. வாக்கு, சட்டம், நீதிமன்றம் ஆகிய மூன்று வாசல்களும் அடைபட்டுக்கொண்டே வந்த காலம் அது. அதனால் அடிமை முறை என்பதே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு போர் என்று பிரவுன் கருதியதை நான் தவறென்று சொல்லமாட்டேன்.

கேள்வி: அப்படியானால் உங்கள் தீர்ப்பு என்ன? நழுவாமல் சொல்லுங்கள்.

பதில்: பொட்டாவாட்டமியில் அவர் செய்வித்தது கொலை, பின்னால் வந்த எந்தப் புகழும் அதைக் கழுவாது. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் அவர் எடுத்தது நியாயமான போராட்டம். திட்டம் மோசமானதால் ஷெப்பர்ட் போன்றோரின் உயிரும் பிரவுனின் இரு மகன்களின் உயிரும் போயின. 1861இல் மூண்ட உள்நாட்டுப் போரும் 1865இல் வந்த விடுதலையும் அவர் கணக்கில் வரவு வைக்கப்படுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பின்னால் கிடைத்த பலனைக் கொண்டு முன்னால் செய்த செயலை எடைபோடுவதானால், தோற்றவர்களில் ஒருவரும் நியாயவானாக இருக்க முடியாது. லிங்கன், அடிமை முறை தவறு என்பதில் பிரவுனுடன் உடன்பட்டாலும் அது வன்முறைக்கும் துரோகத்துக்கும் சாக்காகாது என்றார். டக்ளஸோ, என்னால் அடிமைகளுக்காக வாழ முடிந்தது, பிரவுனால் சாக முடிந்தது என்றார். இருவரில் எனக்கு டக்ளஸின் சொல்லே நெருக்கமானது, அதிலும் பொட்டாவாட்டமிக்கு விடை இல்லையென்றாலும்.

கேள்வி: ஷெப்பர்டுக்கு நினைவுச் சின்னம் ஏதும் உண்டா?

பதில்: உண்டு. 1931இல், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலப் படையினரின் வழித்தோன்றல் அமைப்புகள் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் ஒரு கல்லை நட்டு, அவரை விசுவாசமான கறுப்பினத்தவருக்கு எடுத்துக்காட்டாகப் பொறித்தன. அதற்கு மறுப்பாக, கறுப்பின உரிமைகளுக்கான அமைப்பான என்ஏஏசிபி, கறுப்பின அறிஞர் டியூபாய்ஸ் எழுதிய வாசகத்துடன் பிரவுனுக்கு ஒரு பலகை வைக்க 1932இல் முயன்றது. அங்கிருந்த ஸ்டோரர் கல்லூரி அதை ஏற்கவில்லை. அந்தப் பலகை 2006இல்தான் அங்கே நிறுவப்பட்டது.