டீச்சரிடம் கேளுங்கள்: தண்ணீர் பாட்டில் ஏன் அப்படியே திரும்பி வருகிறது?

என் மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயந்திரம் அப்படியே வருகிறது. திட்டியும் பார்த்தாச்சு, புதுப் பாட்டில் வாங்கிக் கொடுத்தும் பார்த்தாச்சு.
*ஒரு தாய், திண்டிவனம்*

திட்டாதீர்கள். முதலில் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் நேராகக் கழிப்பறைக்கு ஓடுகிறாளா? ஓடுகிறாள் என்றால் காரணம் பாட்டிலில் இல்லை, பள்ளிக் கழிப்பறையில் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகத்தான் கழிப்பறைக்குப் போவார்கள். சேர்ந்து போவது அந்த வயசுப் பழக்கம்தானே என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தால், ஒருத்தி உள்ளே இருக்க, இன்னொருத்தி வெளியே நின்று கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. எத்தனை மாதமாக இல்லையோ, ஒரு பிள்ளைகூட வாய் திறந்து சொல்லவில்லை. கூட வர ஆள் கிடைக்காத பிள்ளை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அடக்க வேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்காது. தாழ்ப்பாள் போட்டு, ஒரு பக்கெட்டும் மக்கும் வைத்த அடுத்த வாரமே பாட்டில்கள் காலியாக ஆரம்பித்தன. அதை முன்னாலேயே பார்க்காமல் விட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் ஒரு நாள் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போய் உங்கள் கண்ணால் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, தினமும் கழுவ ஆள் வருகிறாரா, சின்னப் பிள்ளையின் கைக்குக் குழாய் எட்டுகிறதா. தயங்க வேண்டாம், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. கேரளத்துப் பள்ளிகளில் 2019-லேயே தண்ணீர் குடிக்கத் தனியாக மணி அடிக்க ஆரம்பித்தார்கள், நம் பள்ளிகளுக்கும் அது வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குடித்த தண்ணீர் வெளியே போக இடம் சரியாக இருந்தால்தான் மணிக்குப் பலன்.

மகளுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சலோ, அடிக்கடி காய்ச்சலோ இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் நோட்டில் கையெழுத்து போடச் சொல்கிறார்கள், போட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தேன். அங்கே போய் என்ன பேசுவது?
*வாசகி, செங்கம்*

மேலே திண்டிவனத்து அம்மா கேட்டதைப் பேசுங்கள். அதைப் பேசுவதற்காகத்தான் அந்தக் குழுவே.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவைச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராகவோ பிள்ளையை வளர்ப்பவராகவோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது இதெல்லாம் உங்கள் வேலை. ஆசிரியர்கள் போட்டுக் கொடுத்த திட்டத்துக்குக் கீழே கையெழுத்து வைப்பதற்கு உங்களைக் கூப்பிடவில்லை. இதில் எட்டாவது படிப்பு, பத்தாவது படிப்பு என்று எந்தத் தகுதியும் இல்லை, உங்கள் பிள்ளை அங்கே படிப்பதுதான் தகுதி.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். தீர்மான நோட்டில் எழுதியிருப்பதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகு கையெழுத்து போடுங்கள். போன மாதத் தீர்மானம் என்ன ஆச்சு என்றும் கேளுங்கள். சண்டை மாதிரி வேண்டாம், சாதாரணமாகக் கேட்டால் போதும். பல தலைமை ஆசிரியர்கள் இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்றுதான் காத்திருக்கிறார்கள். ஆசிரியர் தனியாக எழுதும் கடிதத்தைவிட ஊர்ப் பெற்றோர் போட்ட தீர்மானத்துக்கு மேலதிகாரிகளிடம் கனம் அதிகம், இதை நான் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை நியாயமானது. கூட்டத்தைச் சாயந்திரம் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பையன் ஒன்றாம் வகுப்பு. பள்ளியில் காலை உணவு போடுகிறார்கள். ஆனாலும் என் மாமியார் வீட்டிலேயே இரண்டு இட்லி ஊட்டித்தான் அனுப்புகிறார். “அங்கே சாப்பிட்டால் வீட்டில் சோறு இல்லை என்று நினைப்பார்கள்” என்கிறார்.
*ஒரு தாய், ஒட்டன்சத்திரம்*

உங்கள் மாமியாரைத் தப்பு சொல்ல மாட்டேன், அவர்கள் காலத்து மனசு அப்படி. ஆனால் இது இல்லாதவர்களுக்கு மட்டும் போடும் சாப்பாடு இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. கிராமங்களில் பெரும்பாலும் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், நம் ஊர் அக்காக்கள்தான். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாக மாறி வரும்.

வயிற்றில் இரண்டு இட்லியோடு வரும் பிள்ளை தட்டில் பாதியை மிச்சம் வைக்கும். அதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஆசையாகச் சாப்பிடும் பிள்ளையை ‘இவன் மட்டும் ஏன் சாப்பிடுகிறான்’ என்று பார்க்கும், அது நல்லதில்லை. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பொங்கலைச் சாப்பிடட்டும். வீட்டில் ஒரு டம்ளர் பால் போதும். மாமியாரை ஒரு நாள் காலையில் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், சாம்பாரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும்.

பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளில் பயந்துபோய் பிள்ளையை அனுப்பவில்லை. வாரா வாரம் ஒரு ரோஸ் நிற மாத்திரை வேறு. இதெல்லாம் தேவையா?
*வாசகர், பரமக்குடி*

தேவை. பூச்சி மாத்திரை என்பது அல்பெண்டசோல், பள்ளி வயசுப் பிள்ளைக்கு 400 மில்லிகிராம், நன்றாக மென்று தண்ணீர் குடிக்க வேண்டும். மண்ணில் விளையாடும் கை வாய்க்குப் போகும்வரை புழு திரும்பத் திரும்ப வரும், அதனால்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை. வயிற்றில் புழு அதிகமாக இருக்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் குமட்டலோ வயிற்று வலியோ வரலாம், சீக்கிரமே சரியாகிவிடும். காய்ச்சலோ வேறு மருந்தோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். தவறவிட்டவர்களுக்குச் சில நாள் கழித்து மறுபடியும் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

ரோஸ் மாத்திரை இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். மறுநாள் மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், இரும்புச் சத்து அப்படித்தான்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ராத்திரி ஒன்பது மணி வரை வீட்டுப்பாடம். பையும் தூக்க முடியாத கனம்.
*ஒரு தந்தை, ஆவடி*

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பை கொள்கையும் அதையே சொல்கிறது, அந்த வகுப்புகளுக்குப் பையின் எடை 1.6 முதல் 2.2 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மளிகைக் கடைத் தராசில் ஒரு தடவை பையை வைத்து நிறுத்துப் பாருங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பாருங்கள். ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். பேரன் எங்களிடம் வளர்கிறான், நான்காம் வகுப்பு. பள்ளிச் செய்தி எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறதாம், எங்களிடம் இருப்பது பட்டன் போன். லீவு விட்டதுகூடத் தெரியாமல் போன வாரம் பிள்ளையை அனுப்பிவிட்டேன்.
*ஒரு தாத்தா, ஆண்டிபட்டி*

ஐயா, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளை தனியாகத் திரும்பி வந்திருப்பானே, படிக்கும்போதே மனசு கஷ்டமாகிவிட்டது. இது உங்கள் குறை இல்லை. செய்தியை ஒரே வழியில் அனுப்பிவிட்டு எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது என்று பள்ளி நினைத்ததுதான் குறை. நாளைக்கே வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, என்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, முக்கியமானது என்றால் ஒரு போன் பண்ணுங்கள் என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வாசல் கரும்பலகையிலும் செய்தியை எழுதிப் போடச் சொல்லிக் கேளுங்கள், உங்களைப் போல இன்னும் பத்துத் தாத்தா பாட்டிகள் அந்த ஊரில் இருப்பார்கள். பிள்ளையை வளர்ப்பவர் என்ற முறையில் நீங்களும் மேலாண்மைக் குழுவில் சேரலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது.

இன்னொன்று. சாயந்திரம் மணி அடிப்பதற்கு முன்னால் அன்றைய செய்தியைப் பேரனே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு வரட்டும். வீட்டுக்கு வந்ததும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவனே அதை வாசித்துக் காட்டட்டும்.