அல்லித் தொட்டியில் தட்டான் குஞ்சுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கொல்லையில் அல்லி வளர்க்கும் சிமெண்ட் தொட்டியின் அடியில், சேற்று நிறத்தில் ஆறு கால் பூச்சிகள் ஊர்கின்றன. செடிக்குக் கெடுதலா?

பதில்: கெடுதல் இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் தட்டானின் இளம் உயிரிகளுக்குப் பொருந்துகின்றன; அவை இலையையோ கிழங்கையோ தின்பதில்லை. உறுதி செய்துகொள்ள, ஒன்றை நீரோடு வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து, பின்பக்கம் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஆசனவாய் வழியாக நீரைப் பீய்ச்சியடித்து ஒரே பாய்ச்சலில் முன்னே போகும். அதன் செவுள்கள் மலக்குடலுக்குள் இருப்பதால், மூச்சுக்காக உள்ளிழுக்கும் நீரே தப்பியோடவும் உதவுகிறது. மெலிந்த உடலும் வால்நுனியில் இலை போன்ற மூன்று மடல்களும் தெரிந்தால் அது ஊசித்தட்டானின் குஞ்சு.

கேள்வி: இவை கொசுப்புழுவைத் தின்னும் என்கிறார்கள். இவற்றை நம்பி டெங்குக் கொசுவைக் கட்டுப்படுத்த முடியுமா?

பதில்: தின்பது உண்மை. தலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதடு, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நீண்டு, நுனியிலுள்ள கொக்கிகளால் புழுவைக் கவ்வி வாய்க்குக் கொண்டுவந்துவிடும். மியான்மரின் யாங்கோன் நகரில் வீடுகளின் நீர்க்கலன்களில் குரோகோதெமிஸ் சர்விலியா என்னும் தட்டானின் குஞ்சுகளை விட்டுப் பார்த்து, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு வெகுவாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் 1990இல் பதிவு செய்தார்கள். அந்தத் தட்டானின் ஆண் செக்கச்சிவந்திருக்கும். நம் ஊர்க் குளக்கரைகளிலும் காணக்கூடியதுதான்.

ஆனால் அங்கே குஞ்சுகளைக் கலன்தோறும் மனிதர்களே கொண்டுபோய் விட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் தொட்டியில் இருப்பவை அந்தத் தொட்டியை மட்டுமே காக்கும். டெங்குக் கொசு முட்டையிடும் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரந்தோறும் கொட்டி உலர்த்தும் வேலை நம்முடையதுதான்.

கேள்வி: கப்பி மீன் குட்டிகள் காணாமல் போகின்றன. இவைதான் காரணமா?

பதில்: இருக்கலாம். நன்கு வளர்ந்த தட்டான் குஞ்சு சிறு மீன்குட்டியையும் தலைப்பிரட்டையையும் பிடித்துத் தின்னும். வளர்ந்த மீன்களோ சின்னஞ்சிறு தட்டான் குஞ்சுகளை விட்டுவைப்பதில்லை. மீன் வேண்டுமென்றால் அதற்குத் தனித் தொட்டி வையுங்கள். அல்லித் தொட்டியைத் தட்டானுக்கு விட்டுவிடுவதே என் விருப்பம்.

கேள்வி: குழந்தைகள் கையில் எடுத்தால் கடிக்குமா?

பதில்: பெரியது லேசாகக் கவ்வலாம், நஞ்சும் இல்லை, கொடுக்கும் இல்லை. பார்த்து முடித்ததும் அதே நீரில் விடச் சொல்லுங்கள்.

கேள்வி: அல்லித் தண்டில் முதுகு பிளந்த வெற்றுத் தோல்கள் ஒட்டியிருக்கின்றன. செத்துவிட்டனவா?

பதில்: செத்துப்போகவில்லை, அவை பறந்துவிட்டன. தட்டானுக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. நீருக்குள் பலமுறை தோலுரித்து வளர்ந்த குஞ்சு, பெரும்பாலும் இரவில், தண்டைப் பற்றி மேலேறி, கடைசித் தோலின் முதுகைப் பிளந்து வெளியே வந்து, சுருங்கியிருந்த இறக்கைகளை விரித்து உலர்த்திக்கொண்டு பறந்துவிடும். தோலின் பிளவில் தெரியும் வெள்ளை நூலிழைகள் அதன் மூச்சுக்குழல்களின் உட்படலம். இறக்கை விறைக்காத நிலையில் விரல் பட்டாலே அது நிரந்தரமாக ஊனப்பட்டுவிடும் என்பதால், அப்போது தொடவே கூடாது. நீருக்கு மேல் நீளும் தண்டுகள் இல்லாத தொட்டியில் இரண்டு மூன்று மூங்கில் குச்சிகளைச் சாய்வாக நட்டுவையுங்கள்.

கேள்வி: தொட்டியை எப்போது கழுவலாம்?

பதில்: முழுவதும் வடித்து, தேய்த்துக் கழுவவே வேண்டாம். நாடு கடந்து வலசை போகும் பண்டாலா பிளாவெசென்ஸ் தட்டானின் குஞ்சு இரண்டு மாதங்களுக்குள் வளர்ந்துவிடக்கூடியது. வேறு சில இனங்களுக்குப் பல மாதங்கள் ஆகும். ஆகவே எந்த நாளில் வடித்தாலும் வளரும் குஞ்சுகள் அழியும். சேறு மிகுந்தால் ஒரு பகுதியை மட்டும் அள்ளுங்கள். அள்ளிய பாசியை ஓரிரவு தொட்டி விளிம்பிலேயே வைத்திருந்தால், அதில் சிக்கியவற்றில் பல தாமாகவே நீருக்குத் திரும்பிவிடும். தட்டான் குஞ்சுகள் உள்ள தொட்டியில் பூச்சிமருந்து எதையும் ஊற்றாதீர்கள். கொசு மருந்து ஊற்றுவோர் வந்தால் குஞ்சுகளைக் காட்டி, இந்தத் தொட்டியை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.