வராத பிள்ளையைத் தேடிப் போங்கள்

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும், மே மாதத்தில் முகாமும் இலவசமாக நடத்த நினைக்கிறோம். சங்கமாகப் பதிவதா, இடம் பார்ப்பதா? எதில் தொடங்குவது?
- வாசகி ஒருவர், சங்கரன்கோவில்

பதில்: பதிவு காத்திருக்கட்டும் அம்மா. 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதியலாம். நீங்கள் பத்துப் பேர் இருக்கிறீர்கள். வெளியாரிடம் நன்கொடை கேட்கும் நாளில் அதைச் செய்துகொள்ளலாம். முதலில் தெருத் தெருவாக நடந்து, எந்த வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்று பாருங்கள்.

2006 வாக்கில் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பு ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்புகள் நடத்த வைத்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் அதை ஆராய்ந்தார்கள். வந்த பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் படிக்கத் தெரியாத பிள்ளைகளில் வந்தவர்கள் மிகக் கொஞ்சம்.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது ஊர்ச் சாவடியில் பதினோரு வருடம் மாலை வகுப்பு நடத்தினேன். எனக்கும் அதே அனுபவம்தான். முதல் மாதம் வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடுப்பில் தம்பியோடு வந்தாள். சின்னப் பிள்ளை இருந்தால் இரைச்சலாகும், விட்டுவிட்டு வா என்றேன். அவள் அப்புறம் வரவில்லை. அம்மா தறிக்குப் போய்விட்டால் தம்பியை அவள்தானே பார்க்க வேண்டும்! இது எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆயிற்று. ஓரமாக ஒரு பாய் விரித்து, நாலு மரச்சொப்பு வாங்கிப் போட்டு, அவள் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். அவளோடு இன்னும் மூன்று அக்காமார் வந்தார்கள், ஆளுக்கொரு தம்பி தங்கையோடு.

வகுப்பு வாரியாக உட்கார வைக்காதீர்கள். நாலு வரிக் கதை ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் ஒரு கூட்டம், சொல் கூட்டுகிறவர்கள் ஒரு கூட்டம். ஏழாம் வகுப்புப் பையன் எழுத்துக் கூட்டத்தில் இருந்தால் மட்டும் கவனம். பொடியன்களோடு உட்கார வைத்தால் கூசிப் போவான். அவனுக்கு அரைமணி முன்னாலேயே தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

பத்துப் பேரும் முறைவைத்து வருவதைவிட, உங்கள் தெருப் பெண் ஒருவர் தினமும் வருவது மேல். கிடைக்கிற பணத்தில் முதல் செலவு அவருக்கான மாதத் தொகை. அடுத்தது சுண்டல். மத்தியானம் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்தரை மணிக்குப் பசிக்கும். பசியோடு எழுத்து ஏறாது.

மே முகாமுக்கு நேரம் குறிக்கும் முன் தாய்மாரைக் கேளுங்கள். விடியலில் பூப்பறிக்கப் போகும் பிள்ளைகள் இருந்தால், வெயில் தாழ்ந்த பிறகு வையுங்கள். பாதிப் பொழுது பல்லாங்குழியும் கபடியுமாகப் போகட்டும். வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி சுவரில் எழுதுங்கள். இருட்டும் முன் வகுப்பை விட்டுவிடுங்கள். கடைசித் தெருப் பிள்ளைகளை யாராவது கூடப் போய் விட்டு வாருங்கள்.