‘மிகப் பெரிய விண்மீன்’ பட்டியல் ஏன் அடிக்கடி மாறுகிறது?

ஒருகாலத்தில் அந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்தவன் நான். முதலிடத்தில் யூஒய் ஸ்கூட்டி, ஆரம் சூரியனைப்போல் 1,708 மடங்கு. ஆய்வுக் கட்டுரையில் அந்த எண்ணை ஒட்டியே ‘கூட்டல் கழித்தல் 192’ என்று இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். படம் போட்டுப் பகிர்ந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

வானத்தில் நமக்குக் கிடைப்பது விண்மீனின் அகலம் நம் பார்வையில் அடைக்கும் கோணம் மட்டும்தான். தூரம் தெரிந்தால்தான் அது கிலோமீட்டராகும்.

கோணத்தை அளப்பதே லேசான வேலை இல்லை. காற்றுமண்டலத்தின் சலனத்தில் விண்மீனின் பிம்பம் சுமார் ஒரு விநாடிக் கோணத்துக்கு (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) கலங்கிவிடும். திருவாதிரை (பெட்டல்ஜூஸ்) விண்மீனின் வட்டு அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. 1920 டிசம்பரில் இயற்பியலாளர் மைக்கல்சன், வானியலாளர் பீஸ் குழுவினர் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியின் முனையில் 20 அடி உத்தரம் ஒன்றைப் பொருத்தி, அதில் தள்ளித் தள்ளிக் கண்ணாடிகள் வைத்து, இரு பக்கமும் வந்த ஒளியை ஒன்றுசேர்த்து அந்த வட்டின் அகலம் 0.047 விநாடிக் கோணம் என்று கண்டார்கள். நூறு வருடம் கழித்தும் அந்த எண் பெரிதாக மாறவில்லை.

தூரம்தான் காலை வாருகிறது. திருவாதிரைக்கு 1997-ல் சுமார் 430 ஒளியாண்டு, 2008-ல் 640, 2020-ல் 550-க்குப் பக்கம். கோணம் கிட்டத்தட்ட அதேதான், விண்மீன் மட்டும் கணக்கில் வீங்கி வடிகிறது! பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோல் தோன்றும் நகர்வை வைத்துத்தான் தூரம் காண்கிறோம். திருவாதிரையோ பூமியின் சுற்றுப்பாதையைவிடப் பெரியது. அதனால் அந்த நகர்வு அதன் வட்டைவிடச் சிறியது. போதாததற்கு, மேற்பரப்பில் கொதித்தெழும் ராட்சதக் குமிழ்களால் வெளிச்சத்தின் மையமே தள்ளாடுகிறது. எது பூமியால் வந்த நகர்வு, எது குமிழால் வந்தது என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்புறம், விளிம்பு எங்கே? சூரியனில் சில நூறு கிலோமீட்டருக்குள் வாயு ஒளிபுகும்படி மாறிவிடுவதால் ஓரம் வெட்டியதுபோல் தெரிகிறது. திருவாதிரை, யூஒய் ஸ்கூட்டி போன்ற சிவப்புப் பெருமீன்களில் வாயு மெல்ல மெல்ல வெளியே கரைகிறது. பார்க்கும் அலைநீளத்துக்கு ஏற்ப அளவும் மாறும். ரேடியோவில் இன்னும் பெரிது.

ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள் எவ்வளவோ தேவலை. மறைப்பு நீடிக்கும் நேரமும் நிறமாலை (ஒளியைப் பிரித்தால் வரும் நிற வரிசை) காட்டும் வேகமும் இருந்தால், தூரமே தெரியாமல் ஆரம் கிலோமீட்டரில் வந்துவிடும். ஆனால் அவற்றின் சுற்றுப்பாதை நமக்கு விளிம்பைக் காட்டி நிற்க வேண்டும். யூஒய் ஸ்கூட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.